‘இப்போ 7 பேர்தான் இருக்கோம்... இ.எஸ்.ஐ கிடையாது!’ - ஆபீஸ் சுருங்கினா உங்க மருத்துவ விடுப்பும் சுருங்குமா?

உங்களுக்கு டைபாய்டுனு வெச்சுக்கோங்க. ஆஸ்பத்திரியில நாலு நாள் படுத்து எழுந்து வந்தாச்சு. ‘மூணு வாரம் கண்டிப்பா ரெஸ்ட் எடுக்கணும்’னு டாக்டர் சொல்லிட்டார். ஹெச்.ஆருக்கு மெசேஜ் தட்டுறீங்க. பதில் இப்படி வருது: ‘லீவு எடுத்துக்கோங்க, ஒண்ணும் பிரச்னையில்ல. ஆனா, போன மாசம் நாலு பேர் வேலையை விட்டுப் போயிட்டாங்கல்ல... 11 பேரா இருந்த நாம இப்போ 7 பேர்தான். 10 பேருக்குக் கீழ போயிட்டா இ.எஸ்.ஐ கிடையாது. அதனால லீவு நாளுக்குப் பணம் எதுவும் வராது.’

கேட்க நியாயமாத்தான் இருக்கும். ‘சின்ன கம்பெனி, பாவம் அவங்களும் என்ன பண்ணுவாங்க’ன்னு நீங்களே சமாதானம் ஆகிடுவீங்க. ஆனா, சட்டம் சொல்றது இதுக்கு நேர் எதிர். ஆள் எண்ணிக்கை கூடும்போது நிறுவனத்துக்குப் புதுக் கடமை வந்து சேரும். எண்ணிக்கை குறைஞ்சா அந்தக் கடமை கழன்று போகாது. இந்த ஒரு விஷயம் தெரியாததால நம்மில் பலர் சேர வேண்டிய பணத்தை விட்டுட்டு, கைக்காசைப் போட்டு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கோம்.

அது என்ன 10 பேர் கணக்கு?

இ.எஸ்.ஐ என்பது தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம். 1948-ல் வந்த சட்டம் அது. 2025 நவம்பர் 21-ம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுக்க அமலுக்கு வந்தபோது, இந்தச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துடுச்சு. சட்டத்தோட பெயர் மாறினாலும் 10 பேர் என்ற வரம்பு மாறல.

ஒரு கடை, ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு ஸ்டார்ட்அப், ஒரு தனியார் கிளினிக்... எதுவா இருந்தாலும் 10 பேர் வேலை பார்த்தா இ.எஸ்.ஐ-யில் பதிவு பண்ணியே ஆகணும். இந்த 10-ல் கான்ட்ராக்டர் மூலமா வந்து அங்கே வேலை செய்றவங்களும் அடக்கம். ‘அவங்க எங்க ஆள் இல்ல, ஏஜென்சி ஆள்’னு சொல்லி அவங்களைக் கணக்கிலிருந்து கழிச்சிட முடியாது. ஆபத்தான தொழில்னு அரசு அறிவிச்ச இடங்கள்ல ஒரே ஒருத்தர் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ-க்குள்ள கொண்டுவர புதிய தொகுப்பில் வழி இருக்கு.

நிறுவனம் உள்ளே வந்துட்டா, அங்கே மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குற எல்லாருக்கும் இ.எஸ்.ஐ உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். உங்க சம்பளத்திலிருந்து 0.75 சதவிகிதம் பிடிப்பாங்க. நிறுவனம் தன் பங்கா 3.25 சதவிகிதம் போட்டு, ரெண்டையும் சேர்த்துக் கட்டணும். 18,000 ரூபாய் சம்பளம்னா உங்க பங்கு 135 ரூபாய், நிறுவனத்தோட பங்கு 585 ரூபாய்.

ஏறினா ஏறினதுதான்!

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 11 பேரா இருந்த நிறுவனம் 7 பேர் ஆயிடுச்சு. இ.எஸ்.ஐ போயிடுமா?

போகாது. ஒருமுறை சட்டத்துக்குள்ள வந்த நிறுவனம், அப்புறம் ஆள் எண்ணிக்கை வரம்புக்குக் கீழே போனாலும் சட்டத்துக்குள்ளேயேதான் இருக்கும். 1948 சட்டத்தில் இதுக்குன்னே 1(6) என்ற பிரிவு 1989 அக்டோபர் 20-ம் தேதி சேர்க்கப்பட்டது. புதிய தொகுப்பும் அதே கொள்கையைத் தொடருது.

இந்தப் பிரிவை வெச்சு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கு. வாரங்கலைச் சேர்ந்த ராதிகா தியேட்டர் வழக்கு அது. அந்த தியேட்டர் 1989 செப்டம்பர் வரை இ.எஸ்.ஐ பணம் கட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த மாதிரி நிறுவனங்களுக்கு அப்போ வரம்பு 20 பேர். ஆட்கள் 20-க்குக் கீழே குறைஞ்சதும் தியேட்டர் நிர்வாகம் பணம் கட்டுறதை நிறுத்திடுச்சு. சரியா அடுத்த மாசம்தான் 1(6) பிரிவு வருது. பாக்கியைக் கட்டச் சொல்லி இ.எஸ்.ஐ நிறுவனம் நோட்டீஸ் அனுப்ப, ‘எங்ககிட்டதான் 20 பேரே இல்லையே’ன்னு தியேட்டர் தரப்பு வழக்குக்குப் போச்சு. உயர் நீதிமன்றத்தில் தியேட்டருக்குச் சாதகமா தீர்ப்பு வந்துச்சு. ஆனா, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாத்திடுச்சு. 1989 அக்டோபர் 20-க்குப் பிறகான காலத்துக்கு, எத்தனை பேர் வேலை பார்த்தாங்க என்ற கேள்விக்கே இடமில்லை; ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம் தொடர்ந்து கட்டித்தான் ஆகணும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஏன் இவ்ளோ கறாரா ஒரு பிரிவு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எண்ணிக்கை குறைஞ்சா கடமையும் போயிடும்னு இருந்தா, பத்தாவது ஆளை வேலையிலிருந்து தூக்கிட்டா மீதி ஒன்பது பேரோட காப்பீடும் சேர்ந்து போயிடும். யாருக்காவது பெரிய நோய் வந்தா, எண்ணிக்கையைக் குறைக்க அதுவே ஒரு காரணமா ஆயிடும். அந்தக் கதவைத்தான் சட்டம் அடைச்சு வெச்சிருக்கு.

சின்ன முதலாளிகள் பக்கம் கஷ்டமே இல்லைன்னு சொல்ல வரல. ஆள் குறையுதுன்னா வருமானமும் குறைஞ்சிருக்கும். ஆனா கணக்கைப் பாருங்க. 18,000 ரூபாய் வாங்குற 7 பேருக்கு நிறுவனத்தோட பங்கு மாசம் 4,095 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போனா, ஒருத்தர் ஆஸ்பத்திரியில படுத்தாலே மொத்தச் செலவும் அவர் குடும்பத்து தலையில விழும்.

உடம்பு சரியில்லாம போனா என்ன கிடைக்கும்?

நிறைய பேர் இ.எஸ்.ஐ-ன்னா ‘ஆஸ்பத்திரி, மாத்திரை’ன்னு மட்டும் நினைக்கிறாங்க. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குப் பணமும் உண்டு.

உங்க சராசரி தினசரி ஊதியத்தில் 70 சதவிகிதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள் வரை கிடைக்கும். முதல் ரெண்டு நாள் காத்திருப்பு நாள்கள். அதுக்குப் பணம் வராது. 18,000 ரூபாய் சம்பளம்னா ஒரு நாள் ஊதியம் தோராயமா 600 ரூபாய். அதில் 70 சதவிகிதம் 420 ரூபாய். 21 நாள் ஓய்வுன்னா, ரெண்டு நாள் போக 19 நாளைக்கு 7,980 ரூபாய். வீட்டு வாடகைக்காவது ஆகும் இல்லையா?

இதைவிட முக்கியமானது, இந்தப் பணத்தை உங்க முதலாளி தர்றதில்ல. இ.எஸ்.ஐ நிறுவனமே நேரடியா உங்க வங்கிக் கணக்கில் போடும். அதனால ‘கம்பெனி நிலைமை சரியில்ல, லீவுக்குப் பணம் தர முடியாது’ங்கிற பேச்சு இங்கே பொருந்தவே பொருந்தாது.

காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்கள் 34-ஐப் பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. அந்த நோய்களுக்கு 70-க்குப் பதிலா 80 சதவிகிதம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் வரை கிடைக்கும். இதுக்கு, ஏற்கெனவே ரெண்டு வருஷம் காப்பீட்டில் இருந்திருக்கணும்.

நோய்க்கால உதவித்தொகை வாங்கிக்கிட்டிருக்கும்போது உங்களை வேலையை விட்டு நீக்கவோ, தண்டிக்கவோ கூடாது. 1948 சட்டத்தின் 73-வது பிரிவிலேயே எழுதப்பட்ட பாதுகாப்பு இது. ‘ஆள் குறைப்பு லிஸ்ட்ல முதல்ல லீவுல இருக்கிறவரைப் போடு’ங்கிற யோசனைக்கு இதுதான் தடை. அதே சமயம், இது முடிவே இல்லாத பாதுகாப்பு கிடையாது. சிகிச்சை மாசக்கணக்கா நீண்டா விதிவிலக்குகள் உண்டு.

சத்தமில்லாம நடக்கிற ஆபத்து

உதவித்தொகை வாங்க ஒரு நிபந்தனை இருக்கு. ஆறு மாச பங்களிப்புக் காலத்தில் குறைஞ்சது 78 நாளுக்கு உங்க பேர்ல பணம் கட்டியிருக்கணும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டினதுக்குப் பலன், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினதுக்குப் பலன், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை.

இப்போ அந்த 7 பேர் ஆபீஸுக்கே வருவோம். ஆள் குறைஞ்ச உடனே, ஜூன் மாசத்திலிருந்து நிர்வாகம் பணம் கட்டுறதை நிறுத்திடுச்சுன்னு வெச்சுப்போம். ஏப்ரல், மே ரெண்டும் சேர்ந்து 61 நாள்தான். 78 வரல. ஜூன்ல உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த 135 ரூபாய் பிடிக்காததால கையில் கொஞ்சம் கூடுதலாகூட வரும். பிப்ரவரியில் காய்ச்சல்ல படுத்து, சான்றிதழோட போய் நிக்கும்போதுதான் உங்க கணக்கில் நாள் பத்தலைன்னு தெரியும்.

அதனாலதான் உடம்பு நல்லா இருக்கிற இந்த நேரத்துலயே இதைச் சரிபார்த்துடுங்கன்னு சொல்றோம். கட்டாம விட்ட பாக்கியை நிறுவனத்திடமிருந்து வசூலிக்க இ.எஸ்.ஐ-க்கு அதிகாரம் இருக்கு. ஆனா, நீங்க சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்?

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினா?

உங்களுக்கு இ.எஸ்.ஐ கிடையாது. ஆனா ஒரு சின்ன சலுகை: பங்களிப்புக் காலத்தின் நடுவில் இன்க்ரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினா, அந்த ஆறு மாசம் முடியற வரை நீங்க காப்பீட்டில்தான் இருப்பீங்க.

அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு? தமிழ்நாட்டில் கடைகள், ஐ.டி கம்பெனிகள் உள்ளிட்ட அலுவலகங்களுக்கு 1947-ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கு. அதன்படி நோய் அல்லது விபத்துக்காக வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோட விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. இந்த உரிமை ஆள் எண்ணிக்கையை வெச்சு வர்றதில்ல. நாலு பேர் வேலை பார்க்கிற கடையிலயும் இது உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரே நாளுக்கு நிறுவனத்திடம் சம்பளத்தோட விடுப்பும், இ.எஸ்.ஐ உதவித்தொகையும்னு ரெண்டும் வாங்க முடியாது.

12 நாளுக்கு மேல உங்க ஆபர் லெட்டர்ல கூடுதல் மெடிக்கல் லீவு கொடுத்திருந்தா, அது நிறுவனம் கொடுத்த வாக்கு. ‘டீம் சின்னதாயிடுச்சு, நாளையிலிருந்து அது கட்’னு ஒரு மெயில்ல முடிச்சிட முடியாது. சட்டப்படி தொழிலாளர் என்ற வரையறைக்குள் வர்றவங்களுக்கு, சம்பளத்தோட கூடிய விடுப்பு விதிகளை மாத்தணும்னா 21 நாள் முன்னறிவிப்பு தரணும். மேலாளர் நிலையில் இருக்கிறவங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்ல.

மகப்பேறு விடுப்புக்கும் இதே விதிதான்

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இங்கேயும் வரம்பு 10 பேர்தான். பிரசவத்துக்கு முந்தைய 12 மாசத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தா, முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. கருச்சிதைவு ஆனா 6 வாரம். கர்ப்பத்தாலயோ பிரசவத்தாலயோ உடல்நலம் கெட்டா கூடுதலா ஒரு மாசம்.

நீங்க விடுப்பில் இருக்கும்போது ஆபீஸ் 12-லிருந்து 8 ஆயிடுச்சுன்னாலும் இந்த உரிமை அப்படியே இருக்கும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், எண்ணிக்கை வரம்புக்குக் கீழே போனாலும் சட்டம் தொடரும்னு இருக்கு. கர்ப்பத்துக்காக விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குறதும் சட்டவிரோதம்.

அமெரிக்காவுல வேற கதை

‘என் ஃப்ரெண்டு அமெரிக்காவுல இருக்கான், அங்கே ஆள் குறைஞ்சா லீவும் போயிடுமாமே?’ன்னு கேட்கலாம். அங்கே 1993-ல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்துக்கு வரம்பு 50 பேர். நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ 20 வாரங்களாவது 50 பேர் இருந்திருக்கணும். தகுதி இருந்தா 12 வாரம் விடுப்பு, அதுவும் சம்பளம் இல்லாம. வேலை மட்டும் காத்திருக்கும்.

நம்ம ஊர் மாதிரி ‘ஒருமுறை வந்தா எப்பவும்’ என்ற விதி அங்கே இல்ல. ஆனா, எண்ணிக்கை குறைஞ்ச மறுநாளே கடமை போறதும் இல்ல. ரெண்டு வருஷத்துலயும் அந்த 20 வாரக் கணக்கு வராம போனாத்தான் நிறுவனம் வெளியே போக முடியும். தகுதியோட விடுப்பு எடுத்துட்டுப் போனவரை, ‘இப்போ 50 பேர் இல்ல, திரும்பி வா’ன்னு பாதியில கூப்பிடவும் முடியாது.

இப்படியெல்லாம் சொன்னா ஏமாறாதீங்க!

‘இ.எஸ்.ஐ வேணாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க’ - இது கட்டாயக் காப்பீடு. நீங்களே விரும்பினாலும் கையெழுத்துப் போட்டு விலக முடியாது.

‘கம்பெனியை ரெண்டா பிரிச்சாச்சு, இங்கே 6, அங்கே 5’ - பெயர்ப் பலகை ரெண்டா இருந்தாலும் உரிமையாளர், நிர்வாகம், பணப் புழக்கம், வேலை எல்லாம் ஒண்ணா இருந்தா, அதை ஒரே நிறுவனமா எடுத்துக்கலாம்னு நீதிமன்றங்கள் பல வழக்குகள்ல சொல்லியிருக்கு.

‘பழைய பாக்கியைக் கட்டணும், உங்க சம்பளத்துல பிடிச்சுக்கிறோம்’ - உங்க பங்கை அந்தந்த மாசச் சம்பளத்தில்தான் பிடிக்க முடியும். அப்போ பிடிக்காம விட்டதை மொத்தமா இப்போ பிடிக்கக் கூடாது. நிறுவனத்தோட பங்கை உங்க சம்பளத்தில் பிடிக்கிறது எப்பவுமே தப்பு.

‘நாங்க எப்பவுமே 8 பேர்தான்’ - இது உண்மைன்னா, அந்த நிறுவனத்துக்கு இ.எஸ்.ஐ கட்டாயம் இல்ல. ஆனா, முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் ஒத்துக்கிட்டா விரும்பிச் சேர்ந்துக்க புதிய தொகுப்பில் வழி இருக்கு. கேட்டுப் பார்க்கிறதுல தப்பில்ல.

இன்னிக்கே செய்ய வேண்டியவை

1. உங்க பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்க. இ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கா? உங்க 10 இலக்கக் காப்பீட்டு எண் தெரியுமா? தெரியலைன்னா ஹெச்.ஆர்கிட்ட கேட்டு போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

2. இ.எஸ்.ஐ இணையதளத்தில் அந்த எண்ணை வெச்சு லாகின் பண்ணி, மாசா மாசம் பணம் ஏறியிருக்கான்னு பாருங்க. உமங் ஆப்பிலும் இ.எஸ்.ஐ சேவைகள் இருக்கு. பே ஸ்லிப்பில் பிடிச்சிருக்காங்க, ஆனா தளத்தில் ஏறலைன்னா, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

3. நிறுவனத்தில் 10 பேர் இருந்ததுக்கு ஆதாரம் சேருங்க. பழைய டீம் போட்டோ, அட்டெண்டன்ஸ் ஷீட், எல்லாரும் இருக்கிற மெயில், வாட்ஸ்அப் குரூப்னு எதுவா இருந்தாலும் உதவும். நிறுவனத்துக்கு ஏற்கெனவே 17 இலக்க இ.எஸ்.ஐ எண் இருந்தா வேலை இன்னும் சுலபம்.

4. உடம்பு சரியில்லாம போனா, நீங்க பதிவு செஞ்சிருக்கிற இ.எஸ்.ஐ மருந்தகத்துக்கு முதல்லயே போய், மருத்துவச் சான்றிதழ் வாங்கிடுங்க. உதவித்தொகைக்கு அதுதான் அடிப்படை. பெரிய சிகிச்சைன்னா சென்னை கே.கே.நகர், அயனாவரம், கோவை சிங்காநல்லூர், மதுரைன்னு இ.எஸ்.ஐ மருத்துவமனைகள் இருக்கு.

5. ஹெச்.ஆர்கிட்ட பேசறதை வாய்ப்பேச்சா விடாம மெயில்ல கேளுங்க. ‘நம்ம நிறுவனம் ஏற்கெனவே இ.எஸ்.ஐ-யில் பதிவாகியிருக்கு. எண்ணிக்கை குறைஞ்சாலும் அது தொடரும்னு சட்டம் சொல்லுது. என் பங்களிப்பு தொடர்ந்து கட்டப்படுதான்னு உறுதி செய்ய முடியுமா?’ - இவ்வளவு போதும். சண்டை போடுற தொனி தேவையில்ல. நிறைய சின்ன நிறுவனங்களுக்கு நிஜமாவே இந்த விதி தெரியாது.

6. பதில் சரியா வரலைன்னா, பக்கத்திலுள்ள இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்க. 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். 12 நாள் விடுப்பு பத்தின புகார்னா, மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகணும்.

ஆள் குறைஞ்ச ஆபீஸ்ல மிச்சம் இருக்கிறவங்களுக்கு வேலை ரெண்டு மடங்கு ஆகும். போன நாலு பேரோட வேலையும் அந்த 7 பேர் தலையிலதான் விழும். தூக்கம் கெடும், சாப்பாடு நேரம் தவறும், உடம்பு படுத்தும். காப்பீடு ரொம்பத் தேவைப்படுறதே அந்த நேரத்துலதான். அதனால, உங்க டீம்ல கடைசியா யாராவது ‘பை பை’ சொல்லிட்டுப் போனப்போ எத்தனை பேர் மிச்சம்னு எண்ணினீங்கள்ல... அதுக்கு முன்னாடி எத்தனை பேர் இருந்தீங்கன்னும் ஒருதடவை எண்ணிப் பாருங்க. சட்டத்துக்கு வேண்டியது அந்தப் பழைய கணக்குதான்.